புள்ளிக்கு முந்திய பார்வை

"அப்ப நான் பட்டன அமுத்துறதுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிருமா, சுமி?"

"இல்லக்கா. அமுத்தின பொறகுதான் பாக்கும். ஒரு செக்கன ஆயிரம் துண்டாக்கினா எப்பிடி, அந்த மாதிரி எத்தன துண்டு நேரம் எடுத்தீங்கன்னு பாக்கும்."

"நான் எதப் பாத்தேன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? அதுல கண்ணா இருக்கு?"

"உங்க கண்ணு ஏற்கனவே இருந்த பக்கம் புள்ளி வந்தா, கை சட்டுன்னு போகும். மத்தப் பக்கம் வந்தா, கண்ணு திரும்பி வரணும்ல, கொஞ்சம் சுணங்கும். அந்தச் சுணக்கத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சுமித்ரா சொன்னது கோகிலாவுக்கு அவ்வளவுதானாகப் படவில்லை. தண்ணீர் விழும் பீலியடியில் வாளி நிறைந்து, வழிந்து, அவள் கால்விரல்களை நனைத்துக்கொண்டிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள்.

சுமித்ரா தோட்டத்து வரிசை வீடுகளில் அடுத்த லயத்துப் பெண். பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள். கொழும்பிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு மேடத்துக்கு, கேகாலைப் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்தில் ஆள் சேர்த்துக் கொடுப்பதும், அவர்கள் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வதும் அவள் பொறுப்பு. அன்று ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சோதனையின் முதல் தடவை நடந்திருந்தது. நாற்பத்தொரு பேர் போனார்கள். கோகிலாவும் போனாள். அடுத்த ஞாயிறு இரண்டாம் தடவை.

தாய்மார் வேலைக்குப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில்தான் நடந்தது. தொட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, மூன்று மேசையில் மூன்று லாப்டொப் வைத்திருந்தார்கள். திரையின் நடுவே ஒரு கூட்டல் அடையாளம். அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு படங்கள் வரும், கண்ணைச் சிமிட்டுவதற்குள் போய்விடும். போன இடத்தில், ஏதோ ஒரு பக்கம், ஒரு கறுப்புப் புள்ளி நிற்கும். இடது பக்கம் என்றால் சிவப்பு ஒட்டிய பட்டன், வலது பக்கம் என்றால் நீலம்.

முதலில் தேநீர்க் கேத்தல், குடை, நாற்காலி என்று விளையாட்டாகத்தான் போனது. இருபத்திரண்டு வருடமாக ரப்பர் மரத்தின் பட்டையை நூல் கனத்துக்குச் சீவிய கை அது. அந்தக் கைக்குப் பட்டன் அமுக்குவது ஒரு வேலையா? பிறகு திரையில் குடம் வந்தது. படகு வந்தது. இரண்டும் கட்சிச் சின்னங்கள். குடம் ஒரு பக்கம், குடை மறுபக்கம். படகு ஒரு பக்கம், கேத்தல் மறுபக்கம். சில நேரம் குடமும் படகும் எதிரெதிரே. அப்போதுதான் கோகிலா அதைக் கவனித்தாள். படகு இருந்த பக்கம் புள்ளி வந்தால் விரல் அவளைக் கேட்காமலே போனது. குடம் இருந்த பக்கம் புள்ளி வந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பியவள் மாதிரி அவள் தடுமாறினாள். தன் முகத்துக்குள் தனக்குத் தெரியாத இரண்டு பேர் குடியிருந்து, ஜன்னலைத் திறந்து தங்கள் இஷ்டத்துக்கு எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

குடம் தோட்டத்துத் தலைவர் ஐயாவுவின் கட்சி. போன தேர்தலில் கோகிலா படகுக்குப் போட்டாள். அது யாருக்கும் தெரியாது, அவள் புருஷன் சதீஸுக்கும் தெரியாது. போடுவதென்று திட்டம் போட்டுக்கொண்டும் அவள் போகவில்லை. பெரிய மழைக்கும் மண்சரிவுக்கும் பிறகு லயத்துக்கு வந்த படகுக்காரப் பெண்ணொருத்தி, உள்ளே வந்து, சுவர் வெடிப்புக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் வெளியே போனாள். வாக்குச்சீட்டின் முன்னால் நின்றபோது கோகிலாவுக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அந்த வெடிப்புத்தான் இப்போது எல்லாவற்றுக்கும் காரணம். மண்சரிவு அதிகாரிகள் வந்து அதன் இரு முனையிலும் சோக்கால் கோடு போட்டு, தேதி எழுதி, கதவில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். வானம் கறுத்தால் கோகிலா மகளின் புத்தகப் பையைத்தான் முதலில் கையில் எடுப்பாள். சிவப்புத் தாள் ஒட்டிய குடும்பம் இருபத்தாறு. மேட்டில் கட்டி முடிந்திருக்கும் வீடு பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு பேரின் பட்டியலை எழுதும் நலன்புரிக் குழுவுக்குத் தலைவர் ஐயாவு. கோகிலாவின் பெயர் இருக்கிறது என்று அவரே ஒரு நாள் பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். நம்ம ஆளுங்கள நாம பாக்காம யாரு பாக்கிறது என்றும் சொன்னார். நம்ம ஆள் என்றால் என்னவென்று விளக்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை.

"பேரு குடுக்கலதானேக்கா? பொறகென்ன பயம்?" என்றாள் சுமித்ரா, வாளியைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்தபடி.

அது உண்மைதான். பேர் யாரும் கேட்கவில்லை. மேடத்தின் உதவியாளனாக வந்திருந்த இப்திகார் என்ற பையன், உங்களுக்கு மட்டும் தெரிந்த, மறந்துபோகாத நாலு இலக்கமுள்ள ஒரு நம்பரை நீங்களே அடியுங்கள், அடுத்த வாரமும் அதையே அடிக்க வேண்டும் என்று மட்டும்தான் சொன்னான். கோகிலா அடித்தாள். அன்று பின்னேரம் அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் சோறு உண்டாள்.

மறுநாள் அந்தப் பிடியும் போனது.

ரப்பர் பாலை ஒப்படைக்கும் பால் ஸ்டோரில் நிறுவைக்கு வரிசையில் நின்றபோது, மூக்காயி சோதனையைப் பற்றிக் கதை அளந்துகொண்டிருந்தாள். நாலு இலக்கம் என்றதும் தனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றும், பிறகு யோசித்து, தோட்டத்துப் பதிவேட்டில் உள்ள தன் செக்ரோல் நம்பருக்கு முன்னால் ஒரு சைபரைப் போட்டு அடித்துவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னாள். பின்னால் நின்றவள், நானும் அப்படித்தான் என்றாள். அதற்குப் பின்னால் நின்றவளும். வரிசை முழுக்கச் சிரித்தது. செக்ரோல் நம்பர் என்பது தோட்டத்தில் பெயரைவிடப் பெரிய பெயர். பெரட்டில் கூப்பிடுவது அதைச் சொல்லி, பால் வாளியில் பெயின்டால் எழுதியிருப்பது அது, மருந்து எடுக்கவும் லீவு கேட்கவும் அதுதான். மறந்துபோகாத நம்பர் ஒன்றைச் சொல் என்றால் வேறு எந்த நம்பர் வாயில் வரும்?

கோகிலா தன் வாளியைப் பார்த்தாள். 417. அவளும் முன்னால் ஒரு சைபர் போட்டுத்தான் அடித்திருந்தாள்.

"என்னாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? பால் பொங்கி வழியப் போவுதுன்னா?" என்றாள் மூக்காயி.

புதன்கிழமை மழையால் பால்வெட்டு இல்லை. மகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு கோகிலா வரக்காப்பொலைக்கு பஸ் ஏறினாள். இப்திகாரின் வாப்பாவுக்கு அங்கே கண்டி றோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை இருப்பதாகச் சுமித்ரா எப்போதோ சொல்லியிருந்தாள். பஸ் நிலையத்துச் சுவரில் பழைய தேர்தல் போஸ்டர்கள் மழையில் ஊறித் தொங்கின. குடமும் படகும் அருகருகே. கோகிலா இறங்கியதும் தன் கண்ணைத்தான் கவனித்தாள். அது எங்கே போகிறது? போய்விட்டதா? எதன் மேல் முதலில்? கவனிக்கத் தொடங்கினால் கண் ஒழுங்காக நடந்துகொள்கிறது, கவனிக்காதபோது என்ன செய்கிறதென்று கவனிக்க வழியில்லை. இந்தச் சிக்கலை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

இப்திகார் கல்லாவில் இருந்தான். அவள் முகத்தைக் கண்டதும் எழுந்து நின்று, உட்காரச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டான். மரியாதையான பையன். கோகிலா சுற்றி வளைக்கவில்லை. தான் செய்ததை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள்.

எடுக்கலாம் என்றான். அது அவரவர் உரிமையாம். ஒரு படிவம் இருக்கிறது, அதில் நம்பரை எழுதி, பக்கத்தில் பெயரை எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தால் மேடம் அழித்துவிடுவார்.

நம்பருக்குப் பக்கத்தில் பெயர். கோகிலாவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது.

"ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்றான் அவன். "ஒரு ஆள்ட நம்பர வச்சு ஒண்டும் செல்ல ஏலாது. எல்லார்டயும் ஒண்டாச் சேத்தாத்தான் ஏதாவது தெரியும். அதோட, ஆசப்பட்டாலும் கண் முதல்ல அங்க போகும், பயந்தாலும் அங்கதான் போகும். எதால போனதெண்டு அந்தச் சாமானுக்குத் தெரியாது. அதத்தான் மேடமும் தேடுறாங்க. மண்சரிவுக்குப் பொறகு சனங்க கட்சிகளப் பயத்தோட பாக்கிறாங்களா, நம்பிப் பாக்கிறாங்களா எண்டு."

அவன் சொன்னது அவளுக்கு விளங்கியது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. போகிற போக்கில், இந்த நம்பரெல்லாம் கடைசியில் எங்கே போகும் என்று கேட்டு வைத்தாள்.

"மேடத்துட்ட ஈக்கும். தோட்டத்துக்கும் ஒரு கொப்பி குடுக்கோணும். நலன்புரிக் குழுதானே அனுமதி தந்த. ரெண்டாம் தரம் முடிஞ்சதும், ரெண்டயும் சேத்து சராசரி போட்டுக் குடுப்பம். ஆனா பயப்பட வேணாம், அதுல ஒரு பேரும் ஈக்காது. நம்பர் மட்டுந்தான்."

நம்பர் மட்டும்தான். நாற்பத்தொரு செக்ரோல் நம்பரும், ஒவ்வொன்றுக்கும் நேரே குடம் எவ்வளவு, படகு எவ்வளவு என்றும் எழுதிய ஒரு தாள், பெரட்டில் எல்லா நம்பரையும் மனப்பாடமாகக் கூப்பிடும் ஐயாவுவின் கைக்கு. இந்தப் பையனிடம் உண்மையைச் சொன்னால் என்ன? நம்பரை மாற்றிவிடுவானா, அல்லது தோட்டத்துக்கு போன் எடுத்து, உங்கள் ஆட்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லி, யார் வந்து சொன்னது என்ற கேள்வியில் அவள் பெயர் வெளியே வருமா? அவள் முக்காலியிலிருந்து எழுந்தாள். சும்மா வந்தது போல் இருக்கக் கூடாதே என்று ஒரு சோப்புப் பெட்டி வாங்கிக்கொண்டாள். கொப்பி வாங்க மறந்துபோனாள்.

எஞ்சியது ஒரே வழி. இரண்டாம் தடவை கண்ணைக் கட்டிப்போட வேண்டும். குடத்துக்கு வேகமாகவும் படகுக்குத் தாமதமாகவும் அடித்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் சமமாகிவிடும். அவள் வீட்டிலேயே பழகினாள். அடுப்பங்கரைத் தட்டில் இடது பக்கம் தண்ணீர்க் குடத்தையும் வலது பக்கம் மகள் கொப்பித் தாளில் மடித்த ஒரு கடதாசிப் படகையும் வைத்து, நடுவில் உப்புப் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சதீஸ் வந்து, உப்புக் குறைந்தால் கடைக்குப் போய் வாங்கு, முறைத்துப் பார்த்தால் கூடுமா என்று கேட்டான். உப்புப் போத்தலைப் பார்க்கும்போதுகூடப் படகு இருக்கும் பக்கம் கன்னம் சூடாக இருப்பதுபோல் ஒரு உணர்வு.

வெள்ளிக்கிழமை மலையில் கத்தி ஆழமாய் இறங்கி ஒரு மரத்துக்குக் காயம் பட்டுவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கையால் பட்ட காயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கங்காணி பட்டையைத் தடவிப் பார்த்து, உனக்கு என்ன வந்தது கோகிலா என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் நேரத்தோடே போனாள். கூட்டம் வருவதற்கு முன், தலை தெளிவாக இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று நினைத்தாள். பிள்ளைக் காம்பரா ஜன்னலை நெருங்கியபோது உள்ளே தலைவர் ஐயாவுவின் முதுகு தெரிந்தது. இப்திகார் லாப்டொப்பைத் திறந்து வைத்திருக்க, தலைவர் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை நிறைய நம்பர், வரிசை வரிசையாய். அவர் விரல் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது.

அது 0417தான் என்று கோகிலாவுக்குப் பட்டது. இரண்டாம் தடவைகூடத் தேவைப்படவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள், போய் என்ன செய்வது? வெடிப்புக்குள் துணி அடைக்கலாம். மகளைத் தங்கச்சி வீட்டுக்கு ஓப்பநாயக்கவுக்கு அனுப்பலாம், அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்களா? இந்த யோசனைகள் எல்லாம் ஓடி முடிவதற்குள் தலைவர் வெளியே வந்துவிட்டார். அவளைக் கண்டார்.

"கோகிலாவா? நல்லதாப் போச்சு. இங்கிட்டு வா, ஒரு சங்கதி."

றோட்டோரத்து மதகுக் கட்டின் மேல் போய் உட்கார்ந்தார். அவள் நின்றாள். அவர் சட்டைப் பைக்குள் மடித்த தாள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. நலன்புரிக் குழுவின் முத்திரை மை, துணியைத் தாண்டி நீலமாகத் தெரிந்தது. அது என்ன தாள் என்று அவளுக்குத் தெரியும். தலைவர் றோட்டைப் பார்த்தபடி பேசினார்.

"போன வாரம் என் கண்ணு சரியில்ல புள்ள."

"கண்ணாடி போடலியாண்ணே?"

"கண்ணாடி இருந்துச்சு. கண்ணு போன பக்கந்தான் சரியில்ல."

கோகிலா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். முப்பது வருசம் குடத்துக்குக் கொடி கட்டிய கையாம். மேடையில் குடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறாராம். ஆனால் அந்தத் திரையில் படகு வந்தால் போதும், விரல் ஓடிவிடுகிறது. என்ன வசியமோ தெரியவில்லை. நம்பரைப் பார்த்தாலாவது விளங்குமா என்று விடிந்ததும் வந்து அந்தப் பையனைக் கேட்டால், அவன் எதையோ திறந்து காட்டுகிறான், தன் நம்பர் இருப்பது மட்டும் தெரிகிறது, மற்றது ஒரு மண்ணும் விளங்கவில்லை.

அவர் சொல்வது உண்மைதானா, அல்லது அவள் வாயைப் பிடுங்குகிறாரா? நானும் அப்படித்தான் அண்ணே என்று ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்வதற்காகவே அவர் இப்படிப் பேசுகிறார் என்றால்? அவள் விழுங்கிக்கொண்டாள்.

"பயந்தாலும் கண்ணு அங்கதான் போகுமாம்ண்ணே," என்றாள். "அந்தத் தம்பி சொல்லுச்சு."

"போகும்தான். அத யாரு வெளங்கப்படுத்துறது? அந்தத் தாள எனக்கு மட்டுமா குடுக்கப் போறாங்க? குழுவுல எட்டுப் பேரு. அதுல ரெண்டு பேரு என் தலைவர் கதிர எப்ப காலியாகும்னு பாத்துக்கிட்டே இருக்கானுவ. கேகாலைக் கட்சி ஆபீசுக்கு ஒரு போன் போட்டாப் போதும், தலைவரே படகுக்காரன்னு. எல்லாப் பயலுக்கும் என் நம்பர் தெரியும்."

உள்ளே சுமித்ரா நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மேட்டுப் பாதையில் மூக்காயியும் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். தலைவர் அவர்களைப் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்தார். பைக்குள் கையை விட்டார். மடித்த பட்டியல் வெளியே வந்தது. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சிறிய தாளை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, பட்டியலைத் திரும்ப உள்ளே வைத்தார். சிறிய தாளில் பேனாவால் 0063 என்று எழுதியிருந்தது.

"அங்க பேரு கேக்க மாட்டாங்க. முகம் பாக்க மாட்டாங்க. நீ ஒன்னோட நம்பர்ல ஒரு தடவ அடி, பொறகு பின் வரிசையில நின்னு என்னோட இந்த நம்பர்ல ஒரு தடவ உக்காரு. இந்தத் தோட்டத்துல குடத்த விட்டு அங்கிட்டு இங்கிட்டு கண்ணு போகாத ஆளு யாருன்னு நான் நேத்து பூராவும் யோசிச்சேன். ஒன்ன விட்டா எனக்கு வேற யாரும் தோணல."

கோகிலா கையை நீட்டவில்லை. அவர் நீட்டிய கை காற்றிலேயே நின்றது.

"எனக்காக இந்த ஒரு தடவ செஞ்சு குடு புள்ள."